முட்டி ஒன்னும் பேரிங் இல்லை!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் லிஃப்ட் இல்லாத எந்தப் பழைய அபார்ட்மெண்ட்டிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மெதுவாகப் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருப்பார். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால் பதில் ஒரே வார்த்தைதான்: "தேய்மானம்ப்பா."

மக்களே, இந்தக் கட்டுரை அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான். ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்ற நோய்க்குத் தமிழில் நாம் வைத்துக்கொண்ட பேர் "மூட்டுத் தேய்மானம்". நோயைவிட இந்தப் பேர் செய்கிற கெடுதல் சில வீடுகளில் அதிகம். தேய்ந்துவிட்டது என்று கேட்டதும் மனசு என்ன கணக்குப் போடும்? "நடந்தா இன்னும் தேயும், அதனால நடக்கக் கூடாது." கோயிலுக்குப் போவது நிற்கும், மார்க்கெட் நிற்கும், கடைசியில் பக்கத்து வீட்டுக்குப் போவதுகூட நிற்கும். உட்கார உட்கார தொடைத் தசை மெலியும், எடை ஏறும், வலி கூடும். "பாத்தியா, தேய்மானம் ஜாஸ்தியாயிடுச்சு" என்று மறுபடியும் அதே வார்த்தைக்கே வந்து நிற்போம்.

உலகம் முழுக்க 2020-இல் சுமார் 59.5 கோடி பேருக்கு இந்த நோய் ஏதாவது ஒரு மூட்டில் இருந்தது என்கிறது உலக நோய்ச்சுமை ஆய்வு. இந்தியாவில் ஐந்து ஊர்களிலும் சுற்றுவட்டாரங்களிலும் 5,000 பேரிடம் எடுத்து 2016-இல் வெளியான ஆய்வில், முழங்காலில் மட்டும் 28.7 சதவீதம் பேருக்கு இருந்தது. அதாவது நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பாதிப் பேர் வீட்டிலாவது இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். நாம் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள். தேய்மானம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அதனால் இந்த வார்த்தையைக் கேள்வி கேட்க வேண்டியதும் நாம்தான்.

முட்டிக்குள் என்ன இருக்கு?

மேலே தொடை எலும்பு, கீழே கால் எலும்பு, முன்னால் முட்டிச் சில்லு. எலும்பு முனைகளின் மேல் வழவழப்பான வெள்ளைக் குருத்தெலும்பு ஒரு பூச்சு மாதிரி இருக்கும். பல இடங்களில் இதன் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள், பேர் மெனிஸ்கஸ். எல்லாவற்றையும் சுற்றி ஒரு உறை. அந்த உறையின் உள்சவ்வு சுரக்கும் வழுவழுப்பான திரவம்தான் மூட்டுக்கு மசகு.

இதன் செயல்திறனைக் கேட்டால் எந்த மெக்கானிக்கல் புரொபசரும் அசந்துபோவார். டெஃப்லான் மேல் டெஃப்லான் உரசினால் உராய்வுக் கெழு 0.04 சுற்றி வரும். நல்ல நிலையில் இருக்கிற மூட்டில் அது 0.01-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கும்.

சுமை எவ்வளவு? பெர்லினில் சிலருக்குப் பொருத்திய செயற்கை மூட்டுக்குள்ளேயே சென்சார் வைத்து அளந்தார்கள். 2010-இல் வெளியான அந்த முடிவுகளின்படி, சமதரையில் நடக்கும்போது முட்டியில் விழும் உச்ச விசை உடல் எடையைப் போல 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு, இறங்கும்போது 3.5 மடங்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கினால் ஒவ்வொரு படியிலும் சுமார் 245 கிலோ. நம்ம அம்மாக்கள் ஏறும்போதைவிட இறங்கும்போது ஏன் அதிகம் முனகுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

உவமை எங்கே உடைகிறது?

பேரிங் உவமை இதுவரை சரியாகத்தான் வருகிறது. ஆனால் பேரிங்குக்கு உயிர் இல்லை. குருத்தெலும்புக்கு உண்டு.

குருத்தெலும்பின் எடையில் முக்கால் பங்கு வரை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஈர்த்துப் பிடித்து வைப்பது புரோட்டியோகிளைக்கன் என்ற பெரிய மூலக்கூறு. அதைக் கட்டிவைத்திருக்கும் வலை கொலாஜன். இவை இரண்டையும் தயாரித்துப் பராமரிக்கிற செல்கள் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. அப்போது அந்தச் செல்களுக்குச் சாப்பாடு எப்படிப் போகும்? பெரும்பாலும் மூட்டுத் திரவத்திலிருந்துதான். கால் ஊன்றும்போது ஸ்பாஞ்சை அழுத்துவது மாதிரி திரவம் வெளியே வருகிறது. காலை எடுக்கும்போது திரும்ப உள்ளே போகிறது. அந்தப் போக்குவரத்து நன்றாக நடக்க மூட்டு அசைய வேண்டும்.

இதுதான் முக்கியமான வித்தியாசம். பேரிங்கை ஓட்டாமல் வைத்தால் தேயாது. முட்டியை ஓட்டாமல் வைத்தால் பட்டினி கிடக்கும். கட்டுப் போட்டு மாதக்கணக்கில் அசையாமல் வைத்த மூட்டில் குருத்தெலும்பு மெலிந்துபோவதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை வந்தது. உடற்பயிற்சிக்காக ஓடுகிறவர்களில் முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு நோய் இருந்தது 3.5 சதவீதம் பேருக்கு. ஓடாமல் இருந்தவர்களில் 10.2 சதவீதம். போட்டி அளவில் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3. ஓடினால் நோய் வராது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நல்ல முட்டி உள்ளவர்கள்தானே ஓடுகிறார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் "உபயோகித்தால் தேயும்" என்ற கணக்கு மட்டும் இந்த எண்களோடு ஒத்துப்போகவில்லை.

அப்போ நோய்தான் என்ன?

ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் மொத்த மூட்டின் நோய். கொலாஜன் வலை பிரிகிறது, புரோட்டியோகிளைக்கன் குறைகிறது, குருத்தெலும்பு தன் வலுவை இழந்து மெலிகிறது. அடியில் இருக்கும் எலும்பு கெட்டிப்படுகிறது. ஓரங்களில் எலும்பு முள் மாதிரி வளர்கிறது. உள்சவ்வில் லேசான அழற்சி வந்து நீர் கோக்கிறது. தொடை முன்பக்கத் தசை பலவீனமாகிறது. சிதைவும் ரிப்பேர் வேலையும் சேர்ந்தே நடக்கின்றன. ரிப்பேர் தோற்றுக்கொண்டே வருவதுதான் நோய்.

இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் ஞாபகம் வையுங்கள். குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது. அதனால் அதுவே வலிக்காது. வலி வருவது எலும்பு, சவ்வு, உறை, சுற்றியுள்ள தசைகள் இவற்றிலிருந்து. போன குருத்தெலும்பு திரும்ப வளராவிட்டாலும் வலியைக் குறைக்க முடியும் என்பதற்கு இதுதான் ஆதாரம்.

யாருக்கு வரும்? வயது, பெண்களுக்கு அதிகம், அதிக எடை, பரம்பரை, வளைந்த கால், நாள் முழுக்கக் குந்தியும் மண்டியிட்டும் செய்யும் வேலை. பெய்ஜிங்கில் நடந்த ஆய்வில், இளம் வயதில் தினமும் நெடுநேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு இந்த நோய் அதிகம் இருந்தது. நமக்கான எச்சரிக்கையும் ஒன்று உண்டு. கிரவுண்டில் விழுந்து முட்டியின் முன் தசைநாரையோ மெனிஸ்கஸையோ கிழித்துக்கொண்டவர்களில், 10 முதல் 20 வருஷத்துக்குள் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இந்த நோய் வருகிறது. ஆகவே, "சும்மா சுளுக்குடா" என்று விட்டுவிடாதீர்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

பெரும்பாலும் பேசியும் தொட்டுப் பார்த்துமே கண்டுபிடித்துவிடலாம். வயது 45-க்கு மேல், நடந்தால் வேலை செய்தால் வலி, காலையில் எழுந்ததும் வரும் பிடிப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது. இந்த மூன்றும் இருந்து, வேறு சந்தேகம் எதுவும் இல்லை என்றால் எக்ஸ்ரே இல்லாமலே நோயை உறுதி செய்யலாம் என்பது இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல். மடக்கும்போது கறகறவென்ற சத்தம், முழுசாக மடக்க முடியாமை, கால் வில் மாதிரி வளைவது இவையும் துணைக்கு வரும். வலி இல்லாமல் வெறும் "டக்" சத்தம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம்.

வேறு நோயாக இருக்கலாம் என்று சொல்லும் அறிகுறிகளும் உண்டு. காலைப் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, விரல் மூட்டுகளும் வீங்கினால் ருமாட்டாய்டாக இருக்கலாம். காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக வீங்கினால் மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முட்டி திடீரென்று பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலும், ஓய்வாக இருக்கும்போதும் ராத்திரியிலும் விடாமல் வலித்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

எக்ஸ்ரே எடுத்தால் நின்றபடி எடுக்க வேண்டும். படுத்து எடுத்தால் சுமை இல்லாததால் இடைவெளி நன்றாக இருப்பது போலத் தெரியும். ரிப்போர்ட்டில் "கிரேடு 2", "கிரேடு 3" என்று இருப்பது 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்த அளவுகோல். 0 என்றால் மாற்றம் ஒன்றும் இல்லை. 2 என்றால் எலும்பு முள் தெளிவாகத் தெரிகிறது. 3 என்றால் இடைவெளி குறைந்திருப்பது உறுதி. 4 என்றால் இடைவெளி மிகவும் குறுகி எலும்பின் வடிவமும் மாறியிருக்கிறது.

ஆனால் இந்த கிரேடு வலியின் மார்க் இல்லை. கிரேடு 4 வைத்துக்கொண்டு கபாலி கோயில் மாடவீதியைச் சுற்றி வருகிறவரும் உண்டு, கிரேடு 1-இல் தவிக்கிறவரும் உண்டு. எம்.ஆர்.ஐ. இன்னும் மோசம். அமெரிக்காவில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாத, 50 வயதைத் தாண்டிய 710 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 89 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மாற்றம் இருந்தது. வலி இல்லாதவர்களும் இதில் அடக்கம். ரிப்போர்ட்டில் "கிழிசல்" என்று பார்த்ததும் அலற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சிகிச்சை: வரிசை முக்கியம்

முதல் மருந்து உடற்பயிற்சி. "கொஞ்சம் வாக்கிங் போங்க" என்று போகிற போக்கில் சொல்வது இதில் சேராது. இதற்கும் டோஸ் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்தி இறக்குவது. படுத்துக்கொண்டு முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் கீழே அழுத்துவது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. ஒவ்வொன்றும் பத்துப் பத்துத் தடவை, வாரத்தில் மூன்று நாளாவது, இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். டென்மார்க்கில் 2013-இல் ஆரம்பித்த ஒரு திட்டத்தில் இதையே பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் 12 வகுப்புகளாக நடத்துகிறார்கள்.

"வலிக்குதே, செய்யலாமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பயிற்சியின்போது லேசான வலி வந்து மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பரவாயில்லை, தொடரலாம். மறுநாளும் கூடுதலாக வலித்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டால் போதும். அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது, எடை. 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு 4 கிலோ சுமை குறைகிறது என்று காட்டியது. நாமே கணக்குப் போடலாம். 5 கிலோ குறைந்தால் அடிக்கு 20 கிலோ. ஒரு நாளைக்கு 3,000 அடி நடந்தால் ஒரு காலுக்கு 1,500. பெருக்கினால் தினமும் ஒரு முட்டிக்கு 30 டன் மிச்சம்!

மூன்றாவது, வீட்டிலும் தெருவிலும் செய்யும் சின்ன மாற்றங்கள். வலி கடுமையாக இருக்கிறவரை தரையில் சம்மணம் போடுவதையும் குந்துவதையும் குறைத்து, நாற்காலி, வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடி. கைத்தடி பிடித்தால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் இடது கையில் தடி. மொமென்ட் எழுதிப் பாருங்கள், காரணம் புரியும்.

நடப்பதற்கு இடம்? லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, வெங்கட்நாராயணா ரோடு நடேசன் பூங்கா, காலை நேரத்து எலியட்ஸ் பீச் ரோடு எல்லாம் சமதரைதான். பாண்டி பஜாரில் 2019-இல் அகலப்படுத்திய நடைபாதையும் இருக்கு. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு 2023-இல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையில் லிஃப்டும் எஸ்கலேட்டரும் உண்டு. 2024-இலிருந்து ஓடும் தாழ்தளப் பேருந்துகளில் ஏறுவதும் சுலபம். பஸ் படி எவ்வளவு உயரம் என்பதும் முட்டி வைத்தியத்தில் சேர்ந்ததுதான். சிவில் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவதுதான் மருந்து. டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி ஜெல்லை முட்டியில் தடவுவதில் இருந்து ஆரம்பிக்கலாம். வலி மாத்திரைகளை டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும் சாப்பிட வேண்டும். பி.பி., சுகர், கிட்னிப் பிரச்சினை உள்ள தாத்தா பாட்டிக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கித் தருவது ஆபத்து. வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு இரண்டுக்கும் அது வழி. குளுக்கோசமின் மாத்திரையை 1,583 பேரிடம் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் வெறும் மாத்திரையைவிட மேலாக இல்லை.

ஊசிகள்? ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என இரண்டு வருஷம் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில், உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்பு இழப்புதான் அதிகமானது. நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசியை 288 பேரிடம் சோதித்த 2021 ஆய்விலும் உப்புநீரோடு ஒப்பிட்டால் ஒரு வருஷத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. "பேக்கேஜ்" என்று ஆயிரக்கணக்கில் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சோதனை அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்து 2002-இல் வெளியானது. சிறு துளை போட்டு, முட்டியைக் கழுவிச் சுத்தம் செய்யும் ஆபரேஷன் அப்போது சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. மோஸ்லி என்ற சர்ஜன் 180 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குக் கழுவினார், ஒரு குழுவுக்குச் சுத்தமும் செய்தார், மூன்றாவது குழுவுக்குத் தோலை மட்டும் வெட்டித் தைத்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து மூன்று குழுவுக்கும் ஒரே அளவு வலிதான்.

கடைசிப் படி: புது முட்டி

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் தூக்கம் கெடும் அளவு வலி, நூறு அடி நடக்க முடியாத நிலை என்றால் மூட்டு மாற்று ஆபரேஷன் நிஜமாகவே நல்ல வழி. வயது குறைவாக இருந்து, கால் வளைந்து ஒரு பக்கம் மட்டும் பாதித்திருந்தால் எலும்பை வெட்டிக் கோணத்தை நிமிர்த்தும் ஆபரேஷனும் உண்டு.

இன்றைய செயற்கை முட்டிகளின் முன்னோடி 1974-இல் நியூயார்க்கில் பொருத்தப்பட்டது. இன்சால், ராணாவத் என்ற சர்ஜன்களோடு வாக்கர் என்ற இன்ஜினியரும் சேர்ந்து வடிவமைத்தது. அதே சித்தரஞ்சன் ராணாவத்தான், பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு 2000-லும் 2001-லும் மும்பையில் இரண்டு முட்டிகளையும் மாற்றினார். அந்தச் செய்தி பேப்பர்களில் வந்த பிறகு இந்த ஆபரேஷன் நம் ஊர்ப் பேச்சிலும் நுழைந்தது. நன்றாகச் செய்த மூட்டுகளில் 82 சதவீதம் 25 வருஷம் உழைக்கின்றன என்று 2019-இல் ஒரு பெரிய கணக்கெடுப்பு காட்டியது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகும் அதே தொடைத் தசைப் பயிற்சிதான். அதிலிருந்து தப்பிக்க முடியாது.

பணம் பெரிய விஷயம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் செயற்கை முட்டிக்கு உச்சவரம்பு வைத்தது. சராசரியாக 1,58,324 ரூபாய் அதிகபட்ச விலை போட்டிருந்த கோபால்ட் குரோமியம் முட்டி 54,720-க்கு இறங்கியது, வரி தனி. பில்லில் இம்ப்ளான்ட் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் முட்டி மாற்று சிகிச்சை உண்டு. 2022-இல் புதுப்பித்தபோது குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். மயிலாப்பூருக்குப் பக்கத்திலேயே ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது, முதலில் அங்கே எலும்பு சிகிச்சைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். வெளியே போகவே முடியாதவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். செயற்கை முட்டியில் உலோகத்துக்கு அடியில் இருப்பது ஒரு பாலிஎத்திலீன் தட்டு. அதற்கு உயிர் இல்லை, சாப்பாடு வேண்டாம், ரிப்பேர் செய்துகொள்ளாது. உரச உரசத் துகள் உதிரும். உண்மையான பேரிங் அதுதான். "தேய்மானம்" என்ற வார்த்தை சரியாகப் பொருந்துவதும் அந்தத் தட்டுக்குத்தான். அம்மாவின் சொந்த முட்டிக்கு இல்லை.

இந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகும்போது, ரிப்போர்ட்டில் எந்த கிரேடு என்று கேட்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, "கையை ஊன்றாம எத்தனை தடவை எழுந்து உட்கார முடியுதும்மா, எண்ணிப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். நீங்களும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு சேர்ந்து செய்யுங்கள். வந்த எண்ணைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே நாற்காலியில் மறுபடியும் எண்ணுங்கள்.